மாமன் மடிக்கு மாற்றாக வந்த ஆறு

மங்கலம் பெருகுக. மலை பொய்யாது சுரக்க, கடல் கரை கடவாது நிற்க, இரண்டுக்கும் நடுவே வாழும் குடிகள் நலமே வாழ்க.

பனி சூடிய ஏழு முடிகளுக்கும் உரியவரும், செம்புச் சுரங்கங்களின் தலைவரும், சேணாற்றின் ஊற்றுக்கண்ணைக் காத்துவரும் குலத்தின் மூத்த தோன்றலும், வெண்கோட்டு நாட்டு வேந்தருமாகிய வேள் இளம்பூதனார் திருமுன்னர், அந்தச் சேணாறு கடலில் கலக்கும் கழிமுகத்தைக் காப்பவளும், உப்பளங்களுக்கும் சிப்பித் திட்டுகளுக்கும் உரியவளும், கடல்மேற் சென்று மீளாத கணவரின் செங்கோலைத் தாங்கி நிற்பவளும், அவ்வேந்தரின் உடன்பிறந்தவளுமாகிய உவரித்துறை அரசி செள்ளை வேண்மாள் விடுக்கும் திருமுகம். தங்கள் கோட்டை உறுதியுடன் நிற்கிறதென்றும், கொட்டிலில் குதிரைகள் பனிக்காலத்தைத் தாங்கி நிற்கின்றன என்றும், அண்ணியார் மூட்டுவலி தணிந்து நடமாடுகிறார் என்றும் கேள்வியுற்றோம், மகிழ்ந்தோம். மகிழ்ந்தோம் என்று எழுதுவது முறை.

இதுவரை உள்ளது நமது ஓலைநாயகம் வகுத்துக் கொடுத்த வாசகம். அவர் நல்ல மனிதர். பட்டங்களில் ஒன்றையும் விட்டுவிட மாட்டார். இனி வருவது நான் சொல்ல அவர் எழுதுவது. இதில் அழகு குறைந்தால் பழி அவருடையதன்று. இவ்வோலையைத் தங்கள் அவையில் வாசிக்கச் செய்ய வேண்டாம். தூதர் கொற்றங்குமரனாரிடம், தனியறையில் தங்கள் கையிலேயே சேர்க்கும்படி சொல்லியிருக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து படியுங்கள், அண்ணா. நின்றுகொண்டு படிக்க வேண்டாம்.

தங்கள் திருமுகம் வந்து சேர்ந்தது. சென்ற ஆண்டு காய்ச்சல் கண்டு மறைந்த தங்கள் மருமகள், என் மகள் நித்திலையை எண்ணித் தாங்கள் இன்னும் முழு உணவு கொள்வதில்லை என்று அதில் கண்டேன். அவள் தம்பி திரையனின் காதணி விழாவுக்காவது இவ்வாண்டு ஒரு குறையும் வராதென்றும், சென்ற முறை தூவியதைப் போல் இரு மடங்கு உலைச்சாம்பல் பனிச்சரிவுகளின் அடியில் குவிக்கப்பட்டிருக்கிறதென்றும், வெயில் சற்று ஏறியதும் தாங்களே மலையேறி முதல் கூடையைத் தூவப் போவதாகவும், கணியர் குறித்த நன்னாளுக்கு முன்பே ஆறு எங்கள் துறைக்கு வந்து சேருமென்றும் எழுதியிருந்தீர்கள்.

அந்தச் சாம்பலில் ஒரு கூடைகூடப் பனிமேல் விழக்கூடாது. இத்திருமுகத்தின் பொருள் இவ்வளவுதான். காரணம் கேளாமல் நிறுத்திவிடுவீர்கள் என்றால் இங்கேயே முத்திரை வைத்திருப்பேன். தாங்கள் கேட்பீர்கள். சிறு வயதிலிருந்தே எதையும் ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் கையிலிருப்பதைக் கீழே வைப்பீர்கள். ஆகவே சொல்கிறேன்.

இந்த ஓலையின் படி ஒன்று இரு நாட்டு ஆவணக் களரியிலும் வைக்கப்பட வேண்டும் என்பது என் விருப்பம். ஆதலால் நம் இருவருக்கும் தெரிந்ததையும், நமக்குப் பின் வருகிறவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெண்கோட்டுப் பெண்களை உவரித்துறைக்குக் கொடுப்பது பல தலைமுறையாக வரும் உறவு. பிள்ளைக்குக் காது குத்துவது இங்கே இளவேனில் தொடக்கத்தில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்நாளில் மலைவழிகள் பனியால் அடைபட்டுக் கிடக்கும். ஓலை சுமக்கும் தூதர் ஒருவர் எப்படியோ ஏறி இறங்கலாம்; நாடாளும் மாமன் பரிவாரத்தோடு இறங்கி வர முடியாது. எந்தக் காலத்திலோ எந்தப் பெண்ணோ அழுது கேட்டிருக்க வேண்டும். மாமன் வராவிட்டால் மாமன் மலையின் நீர் வருகிறதே, அதுவே மடி என்று பெரியவர்கள் தீர்த்து வைத்தார்கள். அன்றுமுதல் பனி உருகி வரும் முதல் வெள்ளம் துறையைத் தொடும் நாளில் பிள்ளையை இடுப்பளவு நீரில் உட்கார வைத்து, ஒரு கை நீர் குடிக்கக் கொடுத்து, பிறகு காது குத்துகிறோம். ஊரும் அந்த நீரை ஒரு கை குடிக்கும். வீட்டுக்கொரு சாடியில் பிடித்து மூடி ஆண்டு முழுவதும் வைத்திருக்கும். அதற்குச் சீர்நீர் என்று பெயர். பிறந்த வீடு எனக்கு ஆண்டுதோறும் அனுப்பும் சீர் என்று நானும் அதை எண்ணிவந்தேன்.

சென்ற ஆண்டு கணியர் அவசரக்காரராக இருந்தார். நாளை முன்னதாகவே குறித்துவிட்டார். ஆறோ வற்றி, கூழாங்கல் தெரியக் கிடந்தது. நாளைத் தள்ளி வைக்கலாம் என்று நான் எழுதியதற்கு, தாய்மாமன் உயிரோடிருக்கும்போது மருமகளின் நாள் தள்ளிப்போகாது என்று தாங்கள் விடை எழுதினீர்கள். அதைப் படித்து நான் சிரித்தேன். வீம்பு பிடித்த மனிதர் ஆற்றையும் அதட்டிப் பார்க்கிறார் என்று தோழிகளிடம் சொன்னேன்.

ஆறு வந்தது. குறித்த நாளுக்கு முன்பே வந்தது. பறையறைந்து சொன்னார்கள். மாமன் வந்துவிட்டார், மாமன் வந்துவிட்டார் என்று கூவிக்கொண்டு ஊரே துறைக்கு ஓடியது. மற்ற ஆண்டுகளில் அந்த நீர் நீர்த்த மோர் நிறத்தில் இருக்கும். கல் வாசனை அடிக்கும். அன்று வந்தது அடுப்படி கழுவிய நீர்போல இருந்தது. அதன்மேல் வைக்கோலும் சாணக் கட்டிகளும் தோல் துணுக்குகளும் செத்த ஆடொன்றும் மிதந்து வந்தன. வெள்ளமென்றால் அப்படித்தான் இருக்குமென்று பக்கத்தில் நின்றவர் ஒருவர் சொன்னார். அதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். வந்திருப்பது மாமன், மாமன் அழுக்கு வேட்டியோடு வந்தான் என்று யாராவது திருப்பி அனுப்புவார்களா?

நித்திலையை நீரில் உட்கார வைத்தோம். குளிர்கிறது என்றாள். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். செம்புக் குடத்தை நக்கியதுபோல் இருக்கிறது என்றாள். வலக்காதைக் குத்தி, தாங்கள் அனுப்பிய பொன்தோட்டில் ஒன்றை இட்டார்கள். ஊர் கேட்க அலறினாள். இடக்காதைக் கையால் பொத்திக்கொண்டு, இது நாளைக்கு, இது நாளைக்கு என்று தட்டானைக் கிட்டவே விடவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். சரி, நாளைக்கே ஆகட்டும் என்று மற்றத் தோட்டை நான் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அதன் பிறகு நடந்ததை விரிவாகச் சொல்லப் போவதில்லை. வயிற்றில் எதுவும் தங்கவில்லை. குத்திய காது வீங்கிக் கறுத்தது. கையிலும் காலிலும் எறும்பு ஊர்கிறது என்றாள். இறுதியில் தண்ணீர் வேண்டுமென்று கேட்டாள். எந்தத் தண்ணீரைக் கொடுப்பதென்று எங்களுக்குத் தெரியவில்லை. அன்று அவளோடு அதே துறையில் காது குத்திக்கொண்ட பிள்ளைகளில் பாதிப்பேர் அவள் போன வழியே போனார்கள். முதியவர்களும் போனார்கள். சீர்நீரைக் குடிக்க மறந்தவர்களும், பயணம் போயிருந்தவர்களும் பிழைத்தார்கள் என்பதை அப்போது ஒருவரும் கவனிக்கவில்லை. தங்களுக்குக் காய்ச்சல் என்று எழுதி அனுப்பினோம். அப்போது அது பொய்யென்று எங்களுக்கே தெரியாது.

நான் அழவில்லை. தோழிகள் இதை மருத்துவரிடம் முறையிட்டார்கள். அவர் ஒரு கஷாயம் கொடுத்தார். கசந்தது. இன்றும் அழவில்லை. அரசிக்கு நெஞ்சுரம் என்று மக்கள் சொல்கிறார்கள். உரமும் இல்லை, ஒன்றும் இல்லை. கால்மேல் கால் போட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் கால் தன்னுடையதல்லாமல் போகுமே, அதுபோல இருக்கிறது. இதைத் தாங்கள் இரங்க வேண்டுமென்று எழுதவில்லை. மேலே சொல்லப்போவதைச் சினந்து சொல்கிறாளோ என்று தாங்கள் எண்ணக்கூடாது, அதற்காகவே எழுதுகிறேன்.

ஊரை அடக்கம் செய்து முடித்தோம் என்று இருக்கையில் கடல் தொடங்கியது. அந்தப் பனிநீர் கடல்நீரோடு கலக்காமல் குடத்துக்கு மூடி போட்டதுபோல் மேலே பரந்து கிடந்தது. அடியிலிருந்த சிப்பிகள் வாய் பிளந்து செத்தன. பிறகு வெயில் ஏற ஏற, ஆறு கொண்டுவந்து கொட்டிய சாணத்தையும் அழுகலையும் தின்று, கடல்மேல் பாசி படர்ந்தது. முதலில் பச்சையாக இருந்தது, பிறகு துருவின் நிறமாயிற்று. மீன்கள் கரையோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. உப்பளத்தில் விளைந்த உப்பு பழுப்பாக இருந்தது, வணிகர் தொடவில்லை. செத்தது போக எஞ்சிய சிப்பிகளைப் பசியால் எடுத்து உண்டவர்களுக்கு முதலில் உதடு மரத்தது, பிறகு விரல்கள், பிறகு மூச்சு. எனக்கு உதடு முதல் உள்ளம்வரை மரத்திருக்கிறது. நான் சிப்பி உண்ணவில்லை.

சிப்பித் திட்டுக் குடிகளுக்குத் தலைவி கடலி என்பவள். அவள் ஒரு கூடைச் சிப்பியோடு அவைக்குள் வந்து அதை என் காலடியில் கொட்டினாள். அவள் சொன்னதை அவள் வாய்மொழியாகவே வைக்கிறேன்; ஓலைநாயகம் திருத்த வேண்டாம். “கடலு கெட்டுப்போச்சு தாயி. ஆறு வந்து அள்ளிக் கொடுக்கும்னு பாத்தா, வாந்தி எடுத்துட்டுப் போயிருக்கு. எம் பிள்ளைங்க கஞ்சிக்கு நான் எங்க முங்குறது?” என்றாள். கொட்டிய ஓடுகள் ஒவ்வொன்றின் விளிம்பிலும் மை தீட்டியதுபோல் ஒரு கரிய கோடு இருந்தது. மற்ற ஆண்டுகளின் வளையங்கள் வெளுப்பாயிருந்தன. இது என்ன கறுப்பு என்று அவளைக் கேட்டேன். அது உங்க அண்ணன் வீட்டுல கேக்கணும் தாயி என்று சொல்லிவிட்டு, வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு போனாள். அவள் குத்தலாகச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மழைக்காலம் தொடங்குமுன் கொற்றங்குமரனார் தங்கள் நாட்டிலிருந்து திரும்பினார். இரங்கல் ஓலையைக் கொடுத்தார். பிறகு, என்னைத் தேற்றும் எண்ணத்தோடு, தாங்கள் மருமகள்மேல் வைத்திருந்த அன்பை விரித்துரைத்தார். வழியெல்லாம் பனி உறைந்து கிடந்தபோது தாங்கள் செம்பு உலைகளின் சாம்பலைக் குதிரைகள்மேல் ஏற்றி, முழவு முழங்க மலைக்குக் கொண்டுபோனீர்களாம். சரிவு முழுவதும் கரும்போர்வை விரித்ததுபோல் தூவச் செய்தீர்களாம். கறுத்த பனி வெயிலைக் குடித்து முன்கூட்டியே உருகி ஓடியபோது அமைச்சர்கள் பார்க்கக் கை தட்டினீர்களாம். இந்த வித்தை எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டவர்களிடம், இது என் தங்கை செள்ளை சிறு வயதில் எனக்குக் காட்டியது என்று பெருமையாகச் சொன்னீர்களாம்.

உண்மைதான். முற்றத்துப் பனியில் ஆளுக்கொரு வட்டம் போட்டு, கரியைத் தூவி, யாருடையது முதலில் உருகுகிறது என்று விளையாடுவோம். தாங்கள் அடுப்புக்கரி எடுப்பீர்கள். நான் உலைக்களத்துச் சாம்பலைத் திருடி வந்து ஒவ்வொரு முறையும் வெல்வேன். தாங்கள் மறந்திருப்பீர்கள் என்று நினைத்தேன்.

தூதருக்கு நன்றி கூறி, அவருக்கு உணவளிக்கச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. என் முகத்திலும் அவர் ஒன்றும் காணவில்லை.

மறுநாள் அரண்மனை மருத்துவர் சிறுகாவனாரை அழைத்துச் சாடி அறைக்குப் போனேன். நான் மணமாகி வந்த ஆண்டிலிருந்து பிடித்து வைத்த சீர்நீர்ச் சாடிகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. பழைய சாடிகளின் அடியில் வெண்ணிற வண்டல், மாவரித்ததுபோல் மெல்லியதாக இருந்தது. கடைசிச் சாடியின் அடியில் விரல் தடிப்புக்குக் கருஞ்சேறு. பழைய நீரில் விட்ட அயிரைமீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. கடைசிச் சாடியின் நீரில் விட்டவை பக்கவாட்டில் சாய்ந்தன. மருத்துவர் அந்தச் சேற்றில் ஒரு சிட்டிகையைத் தணலில் இட்டார். அறை முழுவதும் பூண்டு நாறியது. இது பாஷாண நஞ்சின் நாற்றம், செம்புப் பாறையோடு கலந்திருக்கும் அது உலையில் புகையாகி, சாம்பலில் தங்கியிருக்கும் என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் சன்னலைத் திறந்தார்.

ஆயினும் எல்லாப் பழியும் சாம்பலுக்கு உரியதன்று; தங்களிடம் நியாயமாக இருக்க விரும்புகிறேன். பனிக்காலத்தில் நம் மலையில் மண் கல்லாகிவிடும். குழி தோண்ட முடியாது. கொட்டில் சாணம், தோல் பதனிடுவோர் கழிவு, வீட்டுக் கழிவு, செத்த மாடு எல்லாவற்றையும் உறைந்த ஆற்றின்மேல் போட்டுவிடுவோம். பனி மூடிவிடும், கண்ணுக்கு வெள்ளையாக இருக்கும். பிறகு ஆறு கொண்டுபோய்விடும் என்று நம் தாயார் சொல்வார். கொண்டுபோய்விடும் என்றாரே, எங்கே கொண்டுபோகும் என்று நாம் ஒரு நாளும் கேட்டதில்லை. தாங்களும், எதற்கும் ஏன் என்று கேட்பவர், இதை மட்டும் கேட்கவில்லை. இங்கேதான் கொண்டுவருகிறது. மாதக்கணக்கில் சேர்த்து வைத்ததையெல்லாம் முதல் வெள்ளம் மொத்தமாக வாரிக்கொண்டு வருகிறது. பின்னால் வரும் நீர் தெளிந்துவிடும். நாங்களோ முதல் நீரைத்தான் குடிக்கிறோம். தெளிந்த நீரில் துணி வெளுக்கிறோம்.

முன்பெல்லாம் பனி தானாக, சிறிது சிறிதாக உருகும். மண்ணும் இளகியிருக்கும், பாதி அழுக்கை அது குடித்துக்கொள்ளும். மீதி எங்கள் கழிமுகத்துக் கோரைக்காட்டுக்குள் புகும்போது தளிர்விட்ட கோரைகள் அதை அரித்து நிறுத்திவிடும். சென்ற ஆண்டு வெள்ளம் காலத்துக்கு முன் வந்தது. மேலே மண் உறைந்து கிடந்தது. கீழே கோரையைப் பாய் முடைவோர் அறுத்துவிட்டிருந்தார்கள். புதுத் தளிர் எழவில்லை. ஆகவே இடையில் எங்கும் நிற்காமல், எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, நேராக அவளிடம் வந்தது. தாங்கள் அனுப்பியதை ஆறு ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தது என்றே சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் அறிந்த பிறகும் தங்களுக்கு எழுதவில்லை. மருத்துவரையும் பேசாதிருக்கப் பணித்தேன். தாங்கள் அவளை மடியில் வைத்ததில்லை. பார்த்ததுகூட இல்லை. அவள் கால் அளவுக்கு ஒரு நூலை அனுப்பச் சொல்லி வாங்கி, கம்பளிச் செருப்பு தைத்து அனுப்பினீர்கள். அவள் அதை இந்த வெயிலில் போட்டுக்கொண்டு அரண்மனை முழுவதும் நடந்தாள். அப்படிப்பட்டவரிடம் போய், உங்கள் அன்பு அவளைக் கொன்றது என்று சொல்வதால் யாருக்கு என்ன பயன் என்று எண்ணினேன். பிறந்த வீட்டுக்குப் பெண் திருப்பி அனுப்பக்கூடிய சீர் ஏதாவது உண்டென்றால் அது இந்த அறியாமையாகவே இருக்கட்டும், தாங்கள் அறியாமலேயே முதுமை எய்துங்கள் என்றிருந்தேன். என் அமைச்சர் சுற்றத்தார் ஐயுற்று, மலைநாடு நஞ்சிட்டதா என்று கேட்டு, குதிரைப்படை அனுப்ப வேண்டுமென்று நின்றபோதும், காய்ச்சல் என்றே சொல்லி அவர்கள் வாயை அடைத்தேன்.

பிறகு இரு மடங்குச் சாம்பல் என்று தங்கள் ஓலை வந்தது. இனி நான் வாய் மூடியிருக்க வழியில்லை. திரையனை நான் அந்த நீரில் இறக்க மாட்டேன்; அவனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுவேன். ஊரைத் தூக்கிக்கொண்டு போக எனக்குக் கை போதாது. இங்கே கிணறுகள் ஆற்றோடு மூச்சு விடுபவை. கடலியின் பிள்ளைகள் கஞ்சி குடிப்பது அந்தக் கடலால். இன்னுமொரு கருவெள்ளம் வந்தால் உவரித்துறை என்று ஓர் ஊர் இருக்காது. ஆகவே ஒன்றும் அறியாமல் கழிந்திருக்கக்கூடிய தங்கள் முதுமையை எடுத்து ஊருக்குக் கொடுத்துவிட்டேன். தங்களைக் கேட்காமல் கொடுத்ததற்குப் பொறுத்தருள வேண்டும்.

இனி வேண்டுவதைச் சொல்கிறேன். குவித்திருக்கும் சாம்பல் சரிவின் அடியிலேயே கிடந்தாலும் உருகும் நீர் அதை வாரிக்கொண்டு வந்துவிடும். வெயில் ஏறுமுன் அதைக் கடைசிக் கூடைவரை திருப்பிச் சுமந்து, பழைய சுரங்கக் குழிகளில் இட்டு, களிமண்ணால் மெழுகி, மேலே கூரை போட வேண்டும். ஆற்றுப் பனிமேல் கிடக்கும் கழிவுகளைக் கரைமேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். இனிவரும் பனிக்காலங்களுக்கு, மண் இறுகுமுன்பே குழிகள் தோண்டி வைக்க வேண்டும். வெண்கோட்டுக்கு ஆணையிட உவரித்துறை அரசிக்கு உரிமையில்லை என்பதை அறிவேன். ஆனால் பெண்ணாய்ப் பிறந்தவளுக்குச் சீர் கேட்கும் உரிமை என்றும் உண்டு. இவ்வாண்டு எனக்குச் சீராகச் சாம்பல் விழாத பனி வேண்டும். அது எப்போது உருக நினைக்கிறதோ அப்போது உருகி வரட்டும்.

என் நாட்டில் நான் இட்ட ஆணைகளையும் தாங்கள் அறிய வேண்டும். கழிமுகத்துக் கோரையை வெள்ளம் வடியும்வரை எவரும் அறுக்கக்கூடாது. பாய் முடைவோர்க்கு அரண்மனை நெல்லளக்கும். முதல் வெள்ளத்தை மனிதரும் மாடும் குடிக்கக்கூடாது; அது கடந்து, நீர் தெளிந்து, அயிரை நீந்தும் என்று கண்ட பிறகே துறை திறக்கப்படும். கடல் நிறம் தெளியும்வரை சிப்பித் திட்டுகள் மூடியிருக்கும். சீர்நீர் விழா இனி இல்லை. இதைக் கேட்டு ஊர்ப் பெரியவர்கள் துடித்துப்போனார்கள். மாமன் மடி இல்லாமல் காது குத்துவதா என்றார்கள். இல்லாமல் குத்தப் போவதில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

அதுவே என் கடைசி வேண்டுகோள். ஆறு இனித் தங்களுக்கு மாற்றாகாது. மலைவழி திறந்த பின், கோடையின் நடுவிலோ முடிவிலோ, எந்த நாளாயினும் சரி, தாங்களே இறங்கி வர வேண்டும். கணியரை நான் அனுப்பிவிட்டேன். நாள் பார்ப்பதற்கு இங்கே ஒருவரும் இல்லை. வர மனம் வராது என்று எனக்குத் தெரியும். என் முகத்தில் எப்படி விழிப்பது என்று எண்ணி, இந்த ஓலையைப் படித்த அறையிலேயே தங்கிவிடத் தோன்றும். என் முகத்தில் ஒன்றும் இருக்காது, அண்ணா; அதற்கு அஞ்ச வேண்டாம். தாங்கள் வரும்வரை திரையன் காது மூளியாகவே இருக்கும். பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். பொறுத்துக்கொள்கிறான்.

இத்துடன் மூன்று பொருள்களைத் தூதர் கொண்டுவருகிறார். வெண்வண்டல் படிந்த சாடி ஒன்று. கருஞ்சேறு படிந்த சாடி ஒன்று. அதைத் திறந்தால் கையைக் கழுவுங்கள். மூன்றாவது, நாளைக்கு என்று அவள் சொன்ன இடக்காதின் தோடு. இன்னும் என் முந்தானை முடிச்சில்தான் இருந்தது. சேலை மாற்றும்போதெல்லாம் முடிச்சையும் மாற்றிக்கொண்டிருந்தேன். இன்று காலை அதை அவிழ்க்க எனக்கு நகம் போதவில்லை. ஓலைநாயகம் அவிழ்த்துக் கொடுத்தார். அதை உருக்கி, திரையனுக்கு ஒரு சோடிக் கடுக்கனாக அடித்து, கையோடு கொண்டுவாருங்கள். பொன் போதாவிட்டால் தங்களுடையதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வோலை கண்டவுடன் சாம்பற்குவை நீக்கப்படுக. நீக்கப்பட்டது என்ற சொல்லை இத்தூதர் வாயிலாகவே விடுக்க. சேணாற்றின் தலையிலிருப்போர் கடையிலிருப்போரை நினைக்க. கடையிலிருப்போர் தலையிலிருப்போரை வெறாதிருக்க. இது உவரித்துறைத் துறைமுகத்தில், கடல் இன்னும் நிறம் திரும்பாத பின்பனிக்காலத்தில், அரசி செள்ளை வேண்மாள் சொல்ல எழுதப்பட்டு, நண்டு இலச்சினை பொறிக்கப்பட்டது.

இலச்சினைக்குக் கீழே இருக்கும் கோணல் எழுத்து ஓலைநாயகத்துடையதன்று. திரையன் இப்போதுதான் எழுதக் கற்கிறான். மாமாவுக்கு ஓலை போகிறது, என்ன எழுதுகிறாய் என்று கேட்டேன். மடி என்று எழுதியிருக்கிறான்.